உயர்வுக்கு எந்த நூல்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

'நம்மை உயர்த்திக்கொள்ள எந்த நூலைப் படிக்கலாம்?' என்ற கேள்வி நம் கல்லூரியில் அடிக்கடி எழுகிறது. வகுப்பு இடைவேளையில் எழுகிறது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நாள்தோறும் இரயிலில் வந்துபோகும் நண்பர்களிடையே எழுகிறது. அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்போரிடையே மிகுதியாக எழுகிறது. பேருந்து நிலையக் கடைகளில் இதற்கு விடை சொல்வன போலப் பல நூல்கள் தொங்குகின்றன. ஏழு நாளில் தலைவராகலாம், முப்பது நாளில் செல்வராகலாம் என்று அவற்றின் அட்டைகள் கூறும். அட்டையை நம்பி இருநூறு ரூபாய் கொடுக்க நம்மில் பலரால் இயலாது. அந்த இருநூறு ரூபாய்க்கு வீட்டில் வேறு செலவு காத்திருக்கும்.

என் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இலர். தந்தையார் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குபவர். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'இதைப் படி, அதை விடு' என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத என் போன்றோர் இக்கல்லூரியில் மிகப் பலர். அவர்களை எண்ணியே, இரண்டாண்டுகளில் பேராசிரியர்களைக் கேட்டும் நூலகத்தில் தேடியும் நான் படித்தவற்றுள் சிலவற்றை இங்கே சொல்ல முற்படுகிறேன். படித்த எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. சிலவற்றைப் படிக்காமல் இருப்பதே நலம்.

தன்முன்னேற்ற நூல் என்றால் அமெரிக்காவிலிருந்து நேற்று வந்த சரக்கு என்று பலர் நினைக்கின்றனர். தமிழில் இத்துறை தொடங்கி நூற்றாண்டுக்கு மேலாகிறது. தொடங்கிய இடமோ சிறைச்சாலை. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் 1908 ஆம் ஆண்டு சிறை புகுந்து, 1912 இறுதியில் விடுதலையானார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தது நாம் பள்ளியிலேயே படித்தது. அந்தக் காலத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903 இல் எழுதிய சிறு நூலை அவர் தமிழாக்கினார். 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் அது வெளிவந்தது. பின்னர் 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என அதே ஆசிரியரின் நூல்களை அவர் தொடர்ந்து தமிழில் தந்தார். ஜேம்ஸ் ஆலன் செல்வர் அல்லர். வேலை தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கேயே இறந்துபோக, பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போனவர்.

இந்நூலின் கருத்து சுருக்கமானது. மனம் ஒரு தோட்டம் போன்றது. நல்ல விதையிட்டால் நற்பயிர் விளையும்; விட்டுவிட்டால் களை மண்டும். மனிதனுடைய குணமும் அவனுடைய சூழ்நிலையும் அவன் எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன என்பார் ஆலன். குணத்தைப் பொறுத்தவரை எனக்கு உடன்பாடே. சூழ்நிலையைப் பொறுத்தவரை உடன்பாடில்லை. சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் நடந்த ஆளுமை வளர்ச்சி முகாம் ஒன்றுக்கு, ஐந்நூறு ரூபாய் கட்டணம் செலுத்தி என் வகுப்பு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். பேச வந்தவர், வறுமை என்பது வெளியில் இல்லை, ஏழையின் மனத்தில்தான் இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் முழங்கினார். அனைவரும் கைதட்டினர். எனக்குக் கை எழவில்லை. என் தந்தையாரின் மனத்தில் வறுமையைத் தேடினால் கிடைக்காது. காலை நான்கு மணிக்கு எழுகிறார், எவரிடமும் கடன் சொல்வதில்லை, நாளை நன்றாக இருக்கும் என்றே எப்போதும் பேசுகிறார். ஆயினும் மூட்டைக்கு இவ்வளவு கூலி என்பதை அவர் எண்ணம் முடிவு செய்வதில்லையே!

மொழிபெயர்த்த சிதம்பரனாரின் வாழ்வே இதற்குச் சான்று என்பேன். அவர் எண்ணத்தில் என்ன குறை? 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அவர் சிறையில் இருக்கும்போதே அக்கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வெளியே வந்தபோது வழக்குரைஞர் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையிலும் கோவையிலும் அவர் பட்ட வறுமை சொல்லில் அடங்காது. பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் அவ்வுரிமை மீண்டது. நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆக, எண்ணம் மட்டும் சூழ்நிலையை மாற்றிவிடவில்லை. இன்னொரு மனிதரின் கையும் வேண்டியிருந்தது. அப்படியானால் அந்நூல் அவருக்கு எதற்குப் பயன்பட்டது? சூழ்நிலை நசுக்கிய காலத்தில் மனம் நசுங்காமல் காக்கப் பயன்பட்டது என்றே நான் கருதுகிறேன். அந்த அளவில் இது அரிய நூல். ஒரே அமர்வில் படித்துவிடலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் இணையத்தில் காசின்றியும் படிக்கலாம். நடை சற்றுப் பழமையானது. முதல் சில பக்கங்களைக் கடந்துவிட்டால் பழகிவிடும்.

சிதம்பரனாருக்குப் பின் இத்துறையில் பெரும்பணி செய்தவர் தொண்டியில் பிறந்த அப்துற்-றஹீம். 'வாழ்க்கையில் வெற்றி', 'கவலைப்படாதே' முதலிய அவர் நூல்களில் உலகப் பெரியோர் வாழ்க்கை நிகழ்ச்சிகள் மாலை மாலையாக வரும். நிகழ்ச்சிகளுக்காகப் படிக்கலாம். அறிவுரைகள் ஒன்றையே பலவாறு சொல்வன. எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' இன்றும் விற்கிறது. வேதியியல் படித்து, அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழிலதிபராகவும் இருந்து, தாயகம் திரும்பி 1988 இல் மக்கள் சக்தி இயக்கம் கண்டவர் அவர். அதே ஆண்டு வந்த 'உன்னால் முடியும் தம்பி' திரைப்படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் உதயமூர்த்தி என்பது நம் அண்ணன்மார்க்கு நினைவிருக்கும். எண்ணுவதோடு நில்லாமல் ஊரில் இறங்கி வேலை செய் என்று சொன்னதால் இவர் மீது எனக்கு மதிப்பு மிகுதி.

எனினும், முதலாண்டு மாணவர் ஒருவர் வந்து 'ஒரே ஒரு நூல் சொல்லுங்கள்' என்று கேட்டால் நான் சொல்வது டாக்டர் மு.வரதராசனாரின் 'தம்பிக்கு'. வடார்க்காட்டு மண்ணிலிருந்து வந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடல்நலம் குன்றி வேலையை விட்டு, தாமே படித்து 1935 இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறியவர் மு.வ. பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். வளவன் என்னும் அண்ணன் எழில் என்னும் தம்பிக்கு எழுதும் கடிதங்களாக இந்நூல் அமைந்துள்ளது. நல்லவனாக இருப்பதோடு வல்லவனாகவும் இரு என்பது அதன் அடிநாதம். நல்லவர்கள் வலிமையின்றி ஏமாறுவதும், வல்லவர்கள் நன்மையின்றி ஏமாற்றுவதுமே தமிழ்நாட்டின் நோய் என்று அவர் கண்டதாக எனக்குப்படுகிறது. வீட்டில் படித்த அண்ணன் இல்லாதவர்க்கு இந்நூல் ஓர் அண்ணன். தங்கையர் 'தங்கைக்கு' என்ற நூலையும் சேர்த்துப் படிக்கலாம். அதில் சில கருத்துகள் இக்காலப் பெண்களுக்குச் சினமூட்டும். சினத்தோடே படிக்கலாம், தவறில்லை.

இனி, படைப்பாற்றல். புதிதாகச் சிந்திப்பது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் இன்று குவிந்துள்ளன. கணித மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த படைப்பாற்றல் நூலில் படைப்பாற்றல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜி.எஸ்.கார் என்பவர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயாரித்துவந்த தனிப்பயிற்சி ஆசிரியர். தம் மாணவர்க்காகக் கணித முடிவுகளை வரிசையாகத் தொகுத்து 1880களில் நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள். நிறுவல்களோ மிகக் குறைவு. இக்காலத்தில் நாம் தேர்வுக்கு முதல்நாள் புரட்டும் கையேட்டின் மூதாதை என்று சொல்லலாம். இந்நூல் 1903 வாக்கில் கும்பகோணத்தில் ஒரு பள்ளி மாணவர் கைக்கு வந்தது. அம்மாணவர் சீனிவாச இராமானுசன்.

நிறுவல் இல்லாததே அவருக்கு வாய்ப்பாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். நிறுவும் வழியில் புதிய முடிவுகள் முளைத்தன. அவற்றைக் குறிப்பேட்டில் எழுதினார். எல்லாம் விளக்கப்பட்ட நூலாக இருந்திருந்தால் அவர் வாசகராகவே நின்றிருக்கக் கூடும். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களை விட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. இராமானுசனைச் சொல்லித் துணைப்பாடத்தைப் புறக்கணிக்கும் நண்பர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து படிக்கவும்!

1910 இல் அவர் வேலை தேடித் திருக்கோவலூர் வந்தார். கும்பகோணத்திலிருந்து திருக்கோவலூருக்கு இரயில் வழி நம் விழுப்புரம் சந்திப்புதான் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி.இராமசாமி ஐயர். 1907 இல் இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தோற்றுவித்தவர். வந்த இளைஞர் கேட்டது வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. கொடுத்திருந்தால் கேட்டவரும் மகிழ்ந்திருப்பார், கொடுத்தவருக்கும் நல்ல பெயர். ஆனால் குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர், இந்த அறிவை வருவாய்த்துறையின் அடிப்படிக்கட்டில் புதைக்க மனமில்லாமல், சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியே சென்றுதான் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் மாத உதவி கிடைத்தது. 1911 இல் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 1913 சனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

தலைமை என்றால் என்ன என்று விளக்க முந்நூறு பக்க நூல் எழுதுவோர், திருக்கோவலூரில் நடந்த இந்தச் சந்திப்பை மூன்று பக்கத்தில் எழுதியிருக்கலாம். தனக்குக் கீழே ஓர் எழுத்தர் கிடைப்பதை விட நாட்டுக்கு ஓர் அறிஞர் கிடைப்பது பெரிது என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் தலைமை. இதே பண்பை அப்துல் கலாம் தம் தலைவர் சதீஷ் தவனிடம் கண்டார். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநர் கலாமை ஒதுக்கிவைத்துத் தாமே செய்தியாளர் முன் சென்று பொறுப்பேற்றார் தவன். 1980 சூலையில் வெற்றி கிட்டியபோது, 'நீங்கள் போய்ப் பேசுங்கள்' என்று கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய தன்வரலாறு 'அக்கினிச் சிறகுகள்' என்று மு.சிவலிங்கத்தின் தமிழாக்கத்தில் கிடைக்கிறது. பாதிக்கு மேல் ஏவுகணை விவரங்கள். இயற்பியல் மாணவர்க்கு அது விருந்து, மற்றவர்க்குச் சற்றுப் பொறுமை வேண்டும். காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யையும் தலைமை நூலாகவே நான் படித்தேன். தலைவர் ஒருவர் தம் குறைகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய நூல் வேறொன்றை நான் கண்டதில்லை.

நம் மண்ணின் தலைவர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 இல் பிறந்த உழவர் பெருமகன் ஓமந்தூர் பி.இராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். நாடு விடுதலை பெற்ற நாளில் இம்மாகாணத்தை ஆண்டவர் நம் ஊர்க்காரர்! கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, சமீன் ஒழிப்பு ஆகியவை அவர் காலத்தவை. அக்காலத்தில்தான், அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது. அதற்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித விரிவுரையாளராக இருந்து 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931 இல் உலகுக்குத் தந்தவர். இராமானுசனைப் பற்றி 1967 இல் ஒரு நூலும் எழுதினார். கணிதத்துறை மாணவர் என்ற பெருமையில் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அச்சட்டத்தின் ஒரு பிரிவை நான் அறிந்தபோது வியந்துபோனேன். வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கப்படுகிறது. இன்று அது வீட்டு வரியில் பத்து விழுக்காடு. எங்கள் ஊராட்சியில் ஆண்டுதோறும் வரி கட்டப்போவது என் தாயார்தான். இரசீதை வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்வார். அதில் நூலக வரி என்று அச்சிட்டிருப்பதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். 'அப்போ அந்தப் புத்தகமெல்லாம் நம்ம காசா?' என்று கேட்டார். ஆம், நம் காசுதான். விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகத் தயங்கும் நண்பர்கள், அதற்கான பணத்தைத் தம் பெற்றோர் பல்லாண்டுகளாகக் கட்டிவருவதை அறிய வேண்டும். திண்டிவனத்து நண்பர்கள் தம் ஊர்க் கிளை நூலகத்திலேயே சேரலாம்.

கடைசியாக ஓர் ஆங்கில நூல். ஹங்கேரி நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் போல்யா 1945 இல் வெளியிட்ட 'ஹௌ டு சால்வ் இட்'. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த எனக்கு ஆங்கில நூல் என்றாலே அச்சம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று பக்கமாகப் படித்தேன். வாக்கியங்கள் சிறியவை, அஞ்ச வேண்டியதில்லை. கணக்கை முதலில் புரிந்துகொள், வழியொன்று வகுத்துக்கொள், அவ்வழியே செய், செய்த பின் திரும்பிப் பார் என்று நான்கு படிகளை அவர் வைக்கிறார். முதல் மூன்றும் நமக்குத் தெரிந்தவையே. விடை வந்ததும் பேனாவை மூடிவிடும் நமக்கு நான்காவதுதான் புதிது.

ஓர் எடுத்துக்காட்டு. 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களே வருகின்றன. தொடர்களின் சூத்திரத்தைப் போட்டு இதை நிறுவிவிடலாம். அதோடு நில்லாமல் 'ஏன் இப்படி?' என்று கேட்கத் தூண்டுகிறார் போல்யா. வீட்டில் தாயார் உரித்து வைத்திருந்த மல்லாட்டைப் பயறை எடுத்துப் பார்த்தேன். ஒரு பயறு வைத்தேன். அதன் வலப்புறமும் கீழும் மூலையுமாக மூன்று பயறு வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதன் ஓரத்தில் கதவு நிலையின் மூலை போல ஐந்து பயறு மடித்து வைத்தால் மூன்றுக்கு மூன்று. ஒவ்வொரு மடிப்புக்கும் முந்தியதை விட இரண்டு பயறு கூடுதலாக வேண்டியிருக்கிறது. ஆகவே கூடுவது எப்போதும் ஒற்றை எண். கிடைப்பது எப்போதும் சதுரம். திரும்பிப் பார்த்தபோது இன்னொரு கேள்வி வந்தது: 2, 4, 6 என்று இரட்டை எண்களை அடுக்கினால்? சதுரம் வரவில்லை, ஒரு வரிசை நீளமான செவ்வகம் வந்தது. 2, 6, 12, 20. அதாவது ஒன்றை இரண்டாலும், இரண்டை மூன்றாலும், மூன்றை நான்காலும் பெருக்கிய தொகை. இதைப் பாடநூல் எனக்குச் சொல்லவில்லை; பயறு சொன்னது. அருகில் அமர்ந்திருந்த தாயார் மூன்றாம் சதுரம் முடிந்ததுமே, 'அடுத்து ஏழு வேணும்' என்று எடுத்துக் கொடுத்தார்.

இந்நூல் நம் கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு படி உள்ளது. கணித வரிசையில் கீழ்த்தட்டில், அட்டை கிழிந்து காக்கித்தாள் போட்டிருக்கும். பின்பக்கத்துத் தேதிச் சீட்டில் என்னுடையதற்கு முன் இரண்டே முத்திரைகள்தாம் இருந்தன. தேர்வு விடுமுறைக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன். வேண்டுவோர் நூலகரிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.